அக்கா அனுப்பிய மருதாணியும் என் தலையும்

லம்பாசா,
வெள்ளிக்கிழமை பிற்பகல்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பிரேம்வதி அக்காவின் பாதங்களைத் தொட்டு, தம்பி பிசேஸ்வர் எழுதுவது. நீங்களும் அத்தானும் சூவாவில் சுகமாகக் கப்பலேறி, வாந்தி மயக்கம் இல்லாமல் வந்து இறங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, அது பழக்க தோஷம். சுகம் இல்லை அக்கா. இந்த வீட்டில் சுகமாக இருப்பது கோழிகள் மட்டும்தான், அவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் விட்டுவைக்கமாட்டார்கள்.

இந்தக் கடிதம் பஸ் ஓட்டும் முன்சாமி கையால் நாளை மதியம் நம்போவாலு துறையில் உங்களுக்குக் கிடைக்கும். வாங்கியதும் அங்கேயே நின்று பிரிக்க வேண்டாம். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அத்தான் தூங்கிய பிறகு படியுங்கள். லம்பாசா வந்து சேர நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டு தடவை படித்து, என்னைத் திட்டித் தீர்த்து, கோபம் ஆறி, நான் கெஞ்சிக் கேட்கிறபடி நடக்கும் மனநிலைக்கு நீங்கள் வந்துவிட வேண்டும். டெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டெலிபோன் முன்னறையில் இருக்கிறது. முன்னறையில் பதினாறு பெண்கள் இருக்கிறார்கள். அதனால் நான் சமையலறைக்குப் பின்னால், விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்து, காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயோடு இதை எழுதுகிறேன். இந்த வெயிலில் எதற்குக் குல்லாய் என்பதுதான் கடிதத்தின் விஷயமே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பெண் ஆர்த்திகாவின் கல்யாணத்துக்கு என்று ராஜஸ்தானிலிருந்து வரவழைத்து, மெல்லிய துணியில் மூன்று தடவை சலித்து, உங்கள் கையாலேயே பை தைத்து, சிவப்பு நூல் கட்டி, மிச்சம் மீதி வைக்காமல் அனுப்பியிருக்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த மருதாணிப் பொடி முழுவதும் இப்போது என் தலையில் இருக்கிறது.

எனக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லை. போன சனிக்கிழமை ஆர்த்திகாவோடு துணிக்கடைக்குப் போனேன். கடையில் நிற்கும் பெண் என்னைப் பார்த்து, பேத்திக்கு இன்னும் கொஞ்சம் ஜரிகை வைத்ததாக எடுங்கள் தாத்தா என்றாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சம்பந்தி ராம் ஷரண் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தலையைப் பார்த்தால் காக்காய் வெட்கப்படும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நானும் அவரும் தழுவிக்கொள்ளும்போது போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ நமக்குப் பின்னாலும் சுவரில் தொங்கும். பார்க்கிறவன் எல்லாம் இந்தக் கிழவர் யார் என்று கேட்பான். அது என் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை என் வீட்டுக்காரி கமல்பதி அழைப்பு வைக்கக் கிளம்பியதும், சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த பையிலிருந்து இரண்டே இரண்டு கரண்டி எடுத்தேன்.

இரண்டு கரண்டி முன்மண்டைக்குச் சரியாகப் போயிற்று. முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம் என்று திரிய முடியுமா? இன்னும் மூன்று கரண்டி. பிறகு மீசை. தலையும் மீசையும் கறுத்து, கிருதா மட்டும் வெளுத்திருந்தால் நன்றாகவா இருக்கும்? கடைசியில் பையை உதறி இரும்புச் சட்டியில் கொட்டி, கட்டன் தேநீரும் எலுமிச்சம்பழமும் விட்டுக் குழைத்து அப்பிக்கொண்டு, வாழையிலையால் மூடிக் கட்டி, கோழிக் கூட்டுக்குப் பின்னால் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மருதாணி முடியைக் கறுப்பாக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன் அக்கா. வெள்ளை முடியில் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை. கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பழுத்த பப்பாளிக்கு மீசை வைத்த மாதிரி இருந்தது. இரண்டு காதும் சேர்த்து.

அந்த நேரம் பார்த்து வாசலில் கமல்பதியின் குரல். பையோ காலி. அவள் காலை மாலை அந்தப் பையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், கனம் குறைந்தால் உடனே தெரிந்துவிடும். கொல்லையில் கல்யாணப் பந்தல் போட வந்த ஆண்கள் கரைத்துக் குடித்துக் கிறங்குவதற்காகப் பக்கத்து வீட்டு செமேசா யங்கோனாக் கிழங்கை இடித்துப் பொடியாக்கி வைத்திருந்தார். அரைக்கண்ணால் பார்த்தால் மருதாணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு நாள்தானே, நாளைக்கு டவுனுக்குப் போய் மருதாணி வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்து, அதை அள்ளிப் பையில் நிரப்பி, சிவப்பு நூலை நீங்கள் கட்டியபடியே கட்டிவிட்டேன். அன்றிலிருந்து மூன்று நாள் கமல்பதி யங்கோனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வாசனை வந்திருக்குமே என்று கேட்பீர்கள். பந்தல் போட வந்தவர்கள் கம்பு நட்டது கொஞ்சம், தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து யங்கோனா குடித்தது அதிகம். வீடு, திரைச்சீலை, தலையணை, சாமிப் படம் எல்லாம் அதே வாசனைதான். எவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை.

தலைக்குக் குல்லாய் போட்டு, காது வலி என்று சொல்லிவிட்டேன். மீசைக்குக் குல்லாய் கிடையாது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மழித்துவிட்டேன். அங்கேதான் சனி நிமிர்ந்து உட்கார்ந்தது. நம்மவர்களில் ஒருவன் மீசையை எப்போது எடுப்பான் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருடமாக மீசையோடு திரிந்த பிசேஸ்வர் மாஸ்டர் திடீரென்று மழமழவென்று டவுனில் வந்து நிற்கிறார், தலையையும் மூடியிருக்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. நான் இரண்டு கடை ஏறி இறங்குவதற்குள் நம் வீட்டில் சாவு விழுந்துவிட்டது. யார் செத்தது? அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். மூத்தவர்களில் மிச்சம் நீங்கள்தான் அக்கா. சொல்ல நாக்கு கூசுகிறது. செவ்வாய் மதியத்திலிருந்து லம்பாசாவில் பாதிப் பேர் உங்களை இறந்தவர் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

டவுனில் கையில் போடுகிற மருதாணி ஒரு கடையிலும் இல்லை, கல்யாண சீசன் என்று துடைத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தால் செமேசா குடும்பத்தோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருடமாகப் பக்கத்து வீடு, நம் வழக்கமெல்லாம் நம்மைவிட அவருக்கு அத்துப்படி. மூன்று ஆள் படுக்கிற புதுப் பாய் ஒன்றை அவர்கள் வழக்கப்படி துக்கத்துக்கு என்று கொண்டுவந்து வைத்து, உங்கள் நல்ல குணங்களைச் சொல்லி அழுகிறார். நீங்கள் செய்து கொடுத்த ஊறுகாயைப் பற்றி அவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, அதைப் பார்த்து அவர்கள் எல்லோரும் இன்னும் சத்தமாக அழுதார்கள். நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகும் அவர் பாயைத் திருப்பி வாங்கிக்கொள்ளமாட்டேன் என்கிறார், துக்கத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது அவர்களுக்கு ஆகாதாம். நியாயப்படி அது உங்கள் பாய். ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்று சாயங்காலமே சியங்காங்காவிலிருந்து சம்பந்தி ராம் ஷரண் போன் செய்தார். தீட்டு இருக்கிற வீட்டில் கல்யாணம் நடத்த முடியாதே, தள்ளிவைக்க வேண்டுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். யாரும் சாகவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். அப்படியானால் மீசையை எதற்கு எடுத்தீர்கள் என்றார். மகள் நல்லபடியாக வாழ வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன் என்று சொன்னேன். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்தொரு வருடம் பெஞ்சில் ஏற்றி நிறுத்திய தலைமையாசிரியன் நான். வாரம் முடிவதற்குள் ஒரு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லக்கூடிய பொய்யை ஒருவனாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் களேபரத்தில் பையை மாற்றவே முடியவில்லை. செவ்வாய் இரவு பெண்கள் அதை எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டார்கள். அந்த அறைக்குள் ஆண்கள் கால் வைக்கக் கூடாது. மாற்றுவதென்றாலும் எதை வைத்து மாற்றுவது? புதன் மாலை மருதாணி போடுகிற நூர் நிஷா வந்து, அந்தப் பொடியில் எலுமிச்சையும் சர்க்கரையும் விட்டுக் குழைத்து மூடிவைத்துவிட்டுப் போனாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாசற்படிவரை போனேன். உள்ளே ஆர்த்திகா சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று மதியம் நூர் நிஷா வேலையை ஆரம்பித்தாள். அவளை உங்களுக்குத் தெரியும், கை ஒரு பக்கம் கோலம் போட்டால் வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை போடும். நேற்று பொடி கரகரப்பாக இருந்ததால் கூம்பின் முனை அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடைக்கும்போதெல்லாம் அவள் வழக்கம்போல முனையைக் கடித்து உறிஞ்சித் துப்பியிருக்கிறாள். யங்கோனா வாயில் பட்டால் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா? அரை மணியில் உதடு மரத்து, ஒரு மணியில் நாக்கு மரத்து, பேச்சே நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும், பார், எவ்வளவு ஈடுபாட்டோடு போடுகிறாள் என்று மெச்சிக்கொண்டார்கள். கடைசியில் அவளுக்குக் கண் செருகி, ஆர்த்திகாவின் இடது கையில் போட்ட மயில் முழங்கைவரை நீண்டுபோனது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அதைச் சுரண்டி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை அக்கா. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, ஒரு புள்ளி இல்லை. முன்னைவிடக் கை வெளுத்து, சோப்புப் போட்டு ஊறவைத்த மாதிரி இருந்தது. கடுகெண்ணெய் தடவினார்கள். தோசைக்கல்லில் கிராம்பைப் போட்டு அந்தப் புகையில் கையைக் காட்டினார்கள், வீடு முழுக்கத் தும்மியதுதான் மிச்சம். மருதாணி எவ்வளவு சிவக்கிறதோ மாமியாருக்கு அவ்வளவு பிரியம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பெண்கள் பதினாறு பேர், அந்த வெறுங்கையை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார்கள். பொடி பழசாக இருக்குமோ என்று நான் வெளியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். நூர் நிஷா ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

"எத்தனை பழைய பொடியா இருந்தாலும் ஆரஞ்சாவது புடிக்கும் மாஸ்டர். இருபது வருஷத்துல இப்படி ஒரு கையை நான் பாத்ததில்ல."

அதுகூடப் பெரிதில்லை. ஆர்த்திகா முன்பே உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவள். ஒரு தடவை சியங்காங்கா போயிருந்தபோது மாப்பிள்ளை ரோனிலின் அம்மா சம்பா தேவி இவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் பிடிச்ச கை, இது எங்க கரும்புக் காட்டுக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறாள். அதை இவள் யாரிடமும் சொல்லவில்லை, இன்று காலைதான் அழுகையோடு வெளியே வந்தது. ரோனில்மேல் இவளுக்கு உயிர். அது தெரிந்துதான் நாங்கள் சம்மதித்தோம். அந்தப் பெண், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் சொல்கிறாள்:

"அப்பா, அந்த வீட்டுக்கு நான் வேண்டாம்னு என் கையே சொல்லுது. ஞாயித்துக்கிழமை நான் மணவறையில உக்கார மாட்டேன்."

அப்போதும் நான் குல்லாயைக் கழற்றவில்லை. இதைவிடக் கேவலமாக ஒரு அப்பன் நடந்துகொள்ள முடியாது, நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் கமல்பதி என்னோடு பேசமாட்டாள், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆர்த்திகா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அவள் சின்ன வயதில் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி பார்ப்பாள். இருபத்தாறு வயதிலும் அப்படித்தான் பார்க்கிறாள். அவள் இந்த வீட்டை விட்டுப் போகிற அன்று அந்தப் பார்வையை நான் தொலைக்க வேண்டுமா?

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், மருதாணி எப்படிச் சிவந்தது என்று ஆசையாகக் கேட்டுவிடாதீர்கள். நேராக ஆர்த்திகாவிடம் போய், பொடியில் தப்பு என்னுடையது, சலிக்கும்போது வேறு ஏதோ இலைப்பொடியைத் தெரியாமல் எடுத்துப் பையில் போட்டுவிட்டேன், நல்ல பொடி சூவாவில் என் அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் வந்தால் அவள் நம்புவாள், மணவறையில் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை நான் தலைப்பாகை கட்டிக்கொள்வேன், பிறகு ஒரு மாதம் தலையை மொட்டை அடித்துக்கொண்டு திரிவேன். அப்புறம், தெருமுனையில் இறங்கி நடந்து வரும்போது கொஞ்சம் சிரித்த முகமாக, நாலு பேருக்குத் தெரியும்படி கையை ஆட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் உயிரோடு இருப்பது எல்லோருக்கும் தெரிவது நல்லது.

அத்தானுக்கு என் வணக்கங்கள். நீங்கள் இருவரும் நூறு வயது, ஊர் வாயில் விழாமல், வாழ்ந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

உங்கள் பாதத்தூசிக்கும் தகுதியில்லாத தம்பி,
பிசேஸ்வர்

பின்குறிப்பு: மேலே கேட்டதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், கையை ஆட்டுவது மட்டும் இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் எதிரே ஆர்த்திகா. பட்டினி கிடந்து அழுது வீங்கிய முகத்தோடு, என் காது வலிக்கு என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குல்லாயைப் பிடித்து இழுத்துவிட்டாள். என் தலையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். மறுபடி என் தலையைப் பார்த்தாள். அவளும் டீச்சர்தானே, கணக்கு வேகமாக வரும்.

"அத்தை அனுப்பினது மொத்தமுமா?"

"மொத்தமும்தாம்மா."

"அப்ப என் கையில பூசினது?"

சொன்னேன். அப்படியே விறகின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறாள் அக்கா. மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, பிறகு நிஜமாகவே அழுதாள். "அப்ப அவங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு இல்லையேப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் குனிந்து அவள் காலைத் தொடப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள்.

அதோடு விட்டாளா? என் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போய், பதினாறு பேருக்கும் என் தலையைக் காட்டி, டெலிபோனை எடுத்துச் சம்பா தேவியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, நான் நின்ற இடத்துக்கே கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஊர்வலத்தோடு வருவது நம் வழக்கம் இல்லை. அந்தத் தலையைக் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியாது, வழக்கம் கிடக்கட்டும், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் தலையை மூடாமல் வாசலில் நிற்க வேண்டுமாம், அது அவளுடைய ஒரே நிபந்தனை. கமல்பதி இன்னும் என்னோடு பேசவில்லை. நூர் நிஷா பேசுகிறாள், அவள் நாக்கு முழுக்கக் குணமாகிவிட்டது.

தலைப்பாகையாவது கட்டிக்கொள்கிறேனே, நாளைக்கு மொட்டையாவது அடித்துக்கொள்கிறேனே என்று ஆர்த்திகாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, வெளுத்த அந்தக் கையை என் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"கூடவே கூடாது. போட்டோல நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது சிவந்து இருக்கணும்பா."

சரி என்று சொல்லிவிட்டேன்.